இணையத்தில் தாளம் ஏன் இழுபடுகிறது?

தவில்மேதை தட்சணாமூர்த்தி பிறந்த ஊர் யாழ்ப்பாணத்து இணுவில். அங்கே ஒருவர் தவில் வாசிக்க, லண்டனில் ஒருவர் இணையவழி நாதஸ்வரம் ஊதினால் காலம் ஏன் இழுபடுகிறது?

கண்ணாடி இழையில் ஒளி செக்கனுக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீற்றர் ஓடும். இணுவிலிலிருந்து லண்டன் ஏறத்தாழ 8,500 கிலோமீற்றர். நேர்கோட்டில் போனாலும் ஒரு வழிக்கே 40 மில்லிசெக்கனுக்கு மேல். பிந்திவரும் ஒலிக்காக இவர் தயங்க, அந்தத் தயக்கத்தைக் கேட்டு அவரும் தயங்க, ஆவர்த்தனத்துக்கு ஆவர்த்தனம் வேகம் விழும்.

வலையமைப்பு வழியே இயக்கும் எந்திரத்திலும் தாமதமே வில்லன். எந்திரத்துக்கு அனுப்பும் திருத்தம் போய்ச்சேருமுன் நிலைமை மாறிவிடும். அழுத்தித் திருத்தினால் ஆட்டம் பெருகும். எனவே திருத்தத்தை மென்மையாக்குவார்கள். 1957இல் பொறியியலாளர் ஒட்டோ ஸ்மித் சொன்ன வழி இன்னும் அழகு: எந்திரத்தின் கணித மாதிரியைக் கூடவே ஓடவிட்டு, வரப்போவதை முன்கூட்டியே கணிப்பது. மாதிரி பிசகினால் அதுவும் தள்ளாடும்.

ஆனால் தவில்காரரின் தனியாவர்த்தனத்துக்கு அப்படியொரு மாதிரி எழுதுவது எளிதல்ல. ஒரே மேடையில் அமர்ந்து வாசிப்பதே சரி.