மீண்டும் ஜீனோ

‘மீண்டும் ஜீனோ’ எழுத்தாளர் சுஜாதா (எஸ். ரங்கராஜன், 1935–2008) எழுதிய அறிவியல் புனைகதைப் புதினம். 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த ‘என் இனிய இயந்திரா’வின் இரண்டாம் பாகம் இது. கொடுங்கோல் அரசில் உயிர் பிழைக்கப் போராடும் எளிய மனிதர்களைப் பற்றிய கதைகள் தமிழில் குறைவு. அவற்றிலும் இரண்டாம் பாகம் வரை வளர்ந்தவை மிகச் சிலவே.

முதல் பாகம்

கதை 2021ஆம் ஆண்டு இந்தியாவில் நடக்கிறது. நாடு ஜீவா என்பவரின் பிடியில் இருக்கிறது. பிறப்பும் இறப்பும் அரசின் கணக்குப்படிதான். பெயர்கூட இரண்டெழுத்தைத் தாண்டக்கூடாது. அதனால்தான் நிலா, சிபி, ரவி, மனோ என்றே எல்லோரும் இருக்கிறார்கள். பிள்ளை பெற அனுமதி கிடைத்த நிலாவின் கணவன் சிபி காணாமல் போகிறான். அவனைத் தேடும்போது ரவியும் அவனுடைய இயந்திர நாய் ஜீனோவும் துணைக்கு வருகிறார்கள். முடிவில் மக்கள் அஞ்சி வணங்கிய ஜீவா ஒரு ஹோலோகிராம் பிம்பம் என்று தெரிகிறது. (இதை அறியாமல் முதல் பாகத்தைப் படிக்க விரும்பியவர்கள் மன்னிக்க, இரண்டாம் பாகத்தை இதைச் சொல்லாமல் விளக்க முடியாது.)

இரண்டாம் பாகத்தின் கேள்வி

பிம்பம் கலைந்துவிட்டது. ஆனால் அந்தப் பிம்பத்தை வைத்து ஆளும் முறை கலைந்ததா? ‘மீண்டும் ஜீனோ’ இந்தக் கேள்வியிலிருந்து தொடங்குகிறது. நிலா இப்போது ராணி, பெயரளவில். அதிகாரம் ஜீவாவை எதிர்த்த ரவி, மனோ கையில் இருக்கிறது. ஒளிப்பிம்பம் இருந்த இடத்தில் உயிருள்ள ஒரு பெண்ணை உட்கார்த்தி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். பொம்மை சொந்தமாக யோசிக்கத் தொடங்கினால் அதன் உயிருக்கு ஆபத்து என்பதை நிலா மெல்ல உணர்கிறாள். அவளுக்கு நம்பகமாக மிஞ்சுவது ஜீனோ மட்டும்தான்.

ஆங்கிலத்தில் பதின்ம வயதினருக்காக வந்த இத்தகைய தொடர்கதைகளோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். சூசன் காலின்ஸின் ‘கேட்சிங் ஃபயர்’ (2009) நாவலில், விளையாட்டில் பிழைத்த காட்னிஸ் மீண்டும் அதே களத்துக்கு அனுப்பப்படுகிறாள். ஜேம்ஸ் டாஷ்னரின் ‘தி ஸ்கார்ச் டிரையல்ஸ்’ (2010) நாவலில், புதிர்வழியிலிருந்து தப்பிய சிறுவர்களுக்குப் பாலைவனம் காத்திருக்கிறது. இரண்டிலும் களம்தான் விரிகிறது, எதிரி மாறுவதில்லை. சுஜாதா எதிரியையே மாற்றிவிட்டார். நேற்றுவரை கூட நின்றவர்களே இன்று பயப்பட வேண்டியவர்கள். காலின்ஸ் இந்த இடத்துக்குத் தன் மூன்றாம் நாவலான ‘மாக்கிங்ஜே’யில்தான் வருகிறார்.

ஜீனோ

புத்தகம் படித்து, கேள்வி கேட்டு, கிண்டலடித்து, மனிதர்களைவிட நிதானமாக முடிவெடுக்கும் நாய் இது. சோனி நிறுவனம் ‘ஐபோ’ என்ற இயந்திர நாயை விற்பனைக்குக் கொண்டுவந்தது 1999இல். ஜீனோ அதற்குப் பத்தாண்டுக்கு மேல் மூத்தது. நாயின் சாமர்த்தியம் சில இடங்களில் கதைக்கே பாதகமாகிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். எப்படியும் ஜீனோ காப்பாற்றிவிடும் என்று வாசகர் நம்பிவிட்ட பிறகு ஆபத்தின் கூர்மை குறைகிறது. வாரந்தோறும் ஒரு திருப்பத்தில் நிறுத்தியாக வேண்டிய தொடர்கதையின் கட்டாயமும் இதில் உண்டு.

வாசகர்கள்

இளையோர் நாவல் என்ற அடையாளத்தோடு இது எழுதப்படவில்லை. அன்று வார இதழைப் பெரியவர்கள் படித்து முடித்ததும் பள்ளிப் பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள். விழுப்புரம், திண்டிவனம் போன்ற ஊர்களில் ஆங்கில அறிவியல் புனைகதை எளிதில் கிடைக்காத காலத்தில், கணினியும் ஹோலோகிராமும் பலருக்கு முதலில் கதையாகவே அறிமுகமாயின. ‘என் இனிய இயந்திரா’ தூர்தர்ஷனில் தொடராகவும் வந்தது.

இரு பாகங்களும் தனித்தனி நூல்களாகக் கிடைக்கின்றன. முதல் பாகத்தைப் படிக்காமல் ‘மீண்டும் ஜீனோ’வைத் தொட்டால் ரவி மீது நிலாவுக்கு வரும் சந்தேகம் எவ்வளவு கசப்பானது என்பது பிடிபடாது.