வீணையின் முதல் கணம்

குன்றத்தூரில் இருக்கும் என் அண்ணன் மகள் பதினோராம் வகுப்பு மாணவி. சென்ற ஆண்டு பள்ளி விழாவில், கீபோர்டில் வீணை ஒலியை வைத்துக்கொண்டு அவள் ஒரு கீர்த்தனை வாசிப்பதாக ஏற்பாடு. உடன் மிருதங்கம். ஒத்திகையில் மெதுவான பகுதி ஒருவாறு போயிற்று. வேகமான சுரங்கள் வந்ததும் ஒலி மங்கி, மிருதங்கத்துக்குப் பின்னால் தள்ளாடி வந்தது. "விரல் தாமதமாக விழுகிறது. ஒரு வாரத்தில் சரியாகாவிட்டால் நிகழ்ச்சியை எடுத்துவிடுவோம்" என்று சொல்லிவிட்டார்கள்.

"சித்தப்பா, என் விரல் சரியாத்தான் விழுது. சத்தம்தான் லேட்டா வருது" என்றாள். கண்கள் கலங்கியிருந்தன.

குற்றம் விரலிலா, கருவியிலா? இது இயற்பியல் கேள்வி. ஆகவே சோதனையில் இறங்கினோம். அதே கீபோர்டில் வீணைக்குப் பதிலாகப் பியானோ ஒலியை வைத்து, அதே சுரங்களை வாசிக்கச் சொன்னேன். தாளம் பிசகவில்லை! விரல்கள் அவைதாம், கருவியும் அதுதான், ஒலி மட்டுமே வேறு. அப்படியானால் குற்றம் அந்த வீணை ஒலியில்தான் இருக்க வேண்டும் அல்லவா?

தொடக்கமே அடையாளம்

வீணையின் சட்ஜமும் குழலின் சட்ஜமும் ஒரே அதிர்வெண் உடையனவாக இருந்தாலும் வெவ்வேறாக ஒலிக்கின்றன. அவற்றில் கலந்துள்ள மேற்சுரங்கள் வேறுபடுவதே காரணம் என்று பாடநூலில் படித்திருப்பீர்கள். அது உண்மை, ஆனால் முழு உண்மை அன்று.

உங்கள் பள்ளி ஆய்வகத்தில் உள்ள இசைக்கவையை நினைத்துக்கொள்ளுங்கள். அதைக் கடினமான பொருளில் தட்டினால் முதலில் 'கிணீர்' என்று ஒரு கூரிய ஓசை எழும். அது விரைவில் மறைந்து, பின் இனிய ஒற்றைச் சுரம் மட்டும் நிலைத்து நிற்கும். தொடக்கத்தில் இருந்த அதிர்வுகள் சில, பிற்பகுதியில் இல்லை.

இசைக்கவை என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. ஒரகடத்தை அடுத்த வல்லம் வடகாலில் யமஹா மோட்டார் சைக்கிள்கள் தயாராகின்றன. அந்த வண்டியின் சின்னத்தை உற்றுப் பாருங்கள். மூன்று இசைக்கவைகள் தெரியும்! ஜப்பானில் டொராகுசு யமஹா என்பவர் 1887ஆம் ஆண்டில் ரீட் ஆர்கன் என்னும் இசைக்கருவியைச் செய்ததிலிருந்து தொடங்கிய நிறுவனம் அது. மோட்டார் சைக்கிள் நிறுவனம் 1955இல்தான் அதிலிருந்து பிரிந்தது.

நம் பொருளுக்கு வருவோம். 1948ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு ஒலிப்பொறியாளர் பியேர் ஷாஃபேர் மணியோசையைப் பதிவு செய்து, நாக்கு மோதும் அந்த முதல் கணத்தை மட்டும் நீக்கிவிட்டார். எஞ்சிய ஒலி தேய்ந்துவிடாமல் சமன் செய்து கேட்டபோது, மணி மணியாக இல்லை. ஓபோ என்னும் ஊதுகருவிபோல் ஒலித்தது! ஓபோ நம் நாகசுரத்தைப் போலவே இரட்டைச் சீவாளி உடையது. நொடியில் மிகச் சிறு பகுதியை வெட்டியதும் வெண்கல மணி ஊதுகுழல் ஆகிவிட்டது.

ஒரு கருவியை நம் காது இனங்காண்பதில் ஒலியின் தொடக்கத்துக்குப் பெரும்பங்கு உண்டு என்பது இதனால் விளங்கும். இத்தொடக்க எழுச்சியையே கீபோர்டுக் கலைஞர்கள் 'அட்டாக்' என்கின்றனர்.

ஒலியின் நான்கு பருவங்கள்

ஒலியின் வீச்சு நேரத்தோடு எப்படி மாறுகிறது என்று வரைபடம் வரைந்தால் ஒரு வளைகோடு கிடைக்கும். மின்னணு இசைக்கருவிகளில் இதை நான்கு பருவங்களாகப் பிரிப்பது வழக்கம். வீச்சு சுழியிலிருந்து உச்சத்தை எட்டுவது அட்டாக். உச்சத்திலிருந்து சற்றுத் தணிவது டிகே. கட்டையை அழுத்தியிருக்கும் வரை நிலைத்து நிற்பது சஸ்டெயின். விரலை எடுத்தபின் மறைவது ரிலீஸ்.

மிருதங்கத்தின் அட்டாக் சில மில்லி நொடிகளே. மீட்டப்பட்ட வீணைத் தந்தியும் அப்படித்தான் விரைந்து எழும். மெல்ல இழுக்கும் வயலின் வில்லிலோ அந்த எழுச்சி இதைப்போல் பல மடங்கு நேரம் எடுத்துக்கொள்ளும்.

பெட்டிக்குள் வீணை

இன்றைய கீபோர்டுகள் பலவற்றில் வீணை ஒலி என்பது உண்மையான வீணையின் பதிவே ஆகும். இம்முறையைச் 'சாம்ப்ளிங்' என்பர். 1979ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில் உருவான ஃபேர்லைட் என்னும் கருவி இத்துறையில் முன்னோடி. ஒலியலையின் உயரம் நொடிக்குப் பல்லாயிரம் முறை அளக்கப்பட்டு எண்களாகச் சேமிக்கப்படுகிறது. இசைத்தட்டுகளுக்குரிய அளவின்படி நொடிக்கு 44,100 முறை எனக் கொள்வோம். வீணை மீட்டும் ஓசை அடங்கிய முதல் 20 மில்லி நொடிக்கு 882 எண்கள் ஆகும். வீணையின் அடையாளத்தில் பெரும்பகுதி அவற்றில்தான் இருக்கிறது.

கட்டையை அழுத்தியதும் கருவி இந்த எண்களை வரிசையாக எடுக்கிறது. ஒவ்வொன்றையும், அந்தக் கணத்தில் வளைகோடு காட்டும் 0 முதல் 1 வரையுள்ள ஒரு பின்னத்தால் பெருக்கி வெளியே அனுப்புகிறது. சூட்சுமம் இந்தப் பெருக்கலில்தான் இருக்கிறது.

அண்ணன் மகள் வாசித்ததைக் கைப்பேசியில் பதிவு செய்து, கணிப்பொறித் திரையில் அலைவடிவத்தைப் பார்த்தோம். வீச்சு உச்சத்தை எட்ட ஏறத்தாழ 200 மில்லி நொடி ஆயிற்று. முன்பு யாரோ பிரார்த்தனைப் பாடலுக்காக அட்டாக் நேரத்தைக் கூட்டி, அப்படியே சேமித்துவிட்டிருக்கிறார்கள்!

விளைவைக் கணக்கிடுவோம். வளைகோடு நேர்கோடாக ஏறுகிறது எனக் கொள்வோம். 20ஆவது மில்லி நொடியில் பெருக்கும் பின்னம் 20/200, அதாவது பத்தில் ஒன்று. எனவே மீட்டும் ஓசை பத்தில் ஒரு பங்கிற்கும் குறைந்த வீச்சோடு வெளிவந்தது. வீணை தன் அடையாளத்தை இழந்தது.

ஓர் அட்சரம் ஒரு நொடி. அதில் எட்டுச் சுரங்கள் என்றால் ஒவ்வொரு சுரத்துக்கும் 125 மில்லி நொடி. அதற்குள் பின்னம் 125/200, அதாவது 5/8தான் ஏறும். ஒலியின் ஆற்றல் வீச்சின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருப்பதால், சுரம் முடியும் நேரத்திலும் இருக்க வேண்டிய ஆற்றலில் 25/64, ஏறத்தாழ 39 விழுக்காடுதான் இருக்கும். மிருதங்க அடியோ சில மில்லி நொடியில் உச்சத்தை எட்டிவிடும். ஒலி மங்கியதற்கும் பின்தங்கியதற்கும் காரணம் கிடைத்துவிட்டது.

எது முடியும், எது முடியாது?

பல கீபோர்டுகளில் அட்டாக் நேரத்தை 0 முதல் 127 வரையுள்ள எண்ணால் மாற்றலாம். பெரும்பாலும் நடுவில் உள்ள 64 என்பது தயாரித்தவர்கள் வைத்த அளவு. அதைக் குறைத்தால் எழுச்சி விரையும், கூட்டினால் மெதுவாகும். எண்ணை 64க்குக் கொண்டுவந்ததும் வீணை மீண்டும் வீணையாயிற்று.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. பின்னத்தால் பெருக்கி இருப்பதை மறைக்கலாம். இல்லாததை உண்டாக்க முடியாது. பதிவிலேயே மீட்டும் ஓசை வெட்டப்பட்டிருந்தால் எந்த எண்ணை வைத்தும் அது திரும்பி வராது.

வேறொரு குறையும் உண்டு. வீணை வித்துவான் ஒருமுறை மீட்டிவிட்டு, தந்தியை இழுத்தே பல சுரங்களைப் பேச வைப்பார். கீபோர்டிலோ ஒவ்வொரு கட்டையும் புதிதாக ஒருமுறை மீட்டும். ஆகவே கமகம் துண்டு துண்டாகிறது. இரண்டாம் கட்டையை அழுத்தும்போது அட்டாக் மீண்டும் தொடங்காதபடி அமைக்கும் 'லெகாட்டோ' வசதி சில கருவிகளில் உள்ளது. சுரத்தை வளைக்கும் சக்கரமும் உண்டு. இரண்டையும் சேர்த்தால் ஓரளவு நெருங்கலாம், ஓரளவுதான்.

நீங்களே செய்து பாருங்கள்

வீணை, கிதார் போன்ற மீட்டும் கருவியின் ஒரு சுரத்தைக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். ஒலியைத் திருத்தும் செயலி ஒன்றால் அதைப் பின்னிருந்து முன்னாகத் திருப்பி ஒலிக்கவிட்டு, நண்பர்களிடம் "இது என்ன கருவி?" என்று கேளுங்கள். அதே அதிர்வெண்கள்தாம், வரிசை மட்டுமே மாறியிருக்கிறது. என்ன விடை வருகிறது என்று குறித்துவையுங்கள்.

விழாவன்று அண்ணன் மகள் வேகமான சுரங்களை மிருதங்கத்தோடு இணையாக வாசித்து முடித்தாள். ஒரு வாரம் கூடுதலாகப் பயிற்சி செய்ததன் பலன் என்று எல்லோரும் பாராட்டினார்கள். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.