பக்கவாதமும் கடிகாரமும்

பக்கவாதம் நம்மவர்க்குப் புதிய நோயன்று. 'கைகால் விழுந்துவிட்டது', 'வாதம் அடித்துவிட்டது' என்று ஊர்ப்புறங்களில் சொல்லக் கேட்டிருக்கிறோம். விழுந்த கையின்மீது புறாவின் இரத்தத்தைத் தடவும் பழக்கமும் இன்னும் முற்றிலும் ஒழிந்தபாடில்லை. பாவம், அந்தப் புறா!

உண்மையில் நோய் இருக்குமிடம் கையுமன்று, காலுமன்று, மூளை. மூளைக்கு இரத்தம் கொண்டு செல்லும் குழாய் அடைபட்டாலும் வெடித்தாலும், அதனை நம்பியிருந்த பகுதி செயலற்றுப் போகிறது. பெரிய குழாய் ஒன்று அடைபட்டால் நிமிடத்திற்கு ஏறத்தாழ 19 இலட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். பல்லாண்டு கணக்குப் பாடம் நடத்திய என்னையே இக்கணக்கு அச்சுறுத்துகிறது.

அறிகுறிகளைக் காண்பதற்குப் பெரும்படிப்பு வேண்டியதில்லை. சிரிக்கச் சொன்னால் வாய் ஒருபுறம் கோணும். இரு கைகளையும் நீட்டச் சொன்னால் ஒன்று தானே தாழும். பேசச் சொன்னால் நாக்குழறும்; அல்லது சொல் கிடைக்காமல் திகைப்பார். திடீரெனப் பார்வை மங்குவதும் நடை தள்ளாடுவதும் உண்டு. பெரும்பாலும் வலி இராது. ஆகவேதான், "சற்றுப் படுத்தால் சரியாகிவிடும்" என்று நோயாளியே சொல்லிவிடுகிறார். பத்து நிமிடத்தில் எல்லாம் நீங்கிவிட்டாலும், அது பின்னால் வரும் பெருநோய்க்கு முன்னறிவிப்பாக இருக்கக்கூடும்; அப்பொழுதே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.

1984 அக்டோபரில், சிறுநீரக நோய்க்காகச் சென்னை மருத்துவமனையில் இருந்த முதலமைச்சர் எம். ஜி. இராமச்சந்திரனுக்குப் பக்கவாதம் கண்டது. உயிர் மீண்டது, பழைய பேச்சுத்தெளிவு மீளவில்லை. அடைப்பைக் கரைக்கும் மருந்து அந்நாளில் இந்நோய்க்குப் பரவலாக நடைமுறைக்கு வரவில்லை. 1995-இல் வெளியான ஆராய்ச்சி, மூன்று மணி நேரத்திற்குள் அம்மருந்தைச் செலுத்தினால் பயனுண்டு என்று காட்டிற்று. 2008-இல் அவ்வெல்லை நாலரை மணியாக நீண்டது. இரத்தக்கசிவு உள்ளவர்க்கு அதுவே நஞ்சாகும். எனவே முதலில் ஸ்கேன் எடுத்தாகவேண்டும்.

இந்த நாலரை மணியை எப்பொழுதிலிருந்து எண்ணுவது? நோயாளியை நாம் கண்ட நேரத்திலிருந்தன்று. அவர் கடைசியாக நலமாயிருக்கக் காணப்பட்ட நேரத்திலிருந்து. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் வாழும் நமக்கு இதுவே பெருஞ்சிக்கல். மகனும் மருமகளும் விடியுமுன் கம்பெனி பஸ் ஏறுகிறார்கள், முதியவர் தனித்திருக்கிறார்.

எங்கள் தெருவில் ஓர் அம்மையாரை, முதல் ஷிப்டு முடிந்து மாலை நான்கு மணிக்குத் திரும்பிய மருமகள் தரையில் கிடக்கக் கண்டாள். ஐந்து மணிக்கு மருத்துவமனை. "கடைசியாக எப்பொழுது நன்றாயிருந்தார்?" என்று மருத்துவர் வினவ, "காலை ஐந்து மணிக்குப் பார்த்தோம்" என்றார்கள். பன்னிரண்டு மணி நேரம்! மருந்துக்கு வழியில்லாமற் போயிற்று. மறுநாள்தான் தெரிந்தது, அடுத்த வீட்டுப் பெண் பகல் இரண்டரை மணிக்கு அவரோடு முறத்தை வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தாள் என்பது. அவளை யாரும் கேட்கவில்லை. அவளுக்கும் அது சொல்லவேண்டிய செய்தியென்று தோன்றவில்லை. அம்மையாரின் வலக்கை இன்றளவும் எழவில்லை.

ஆகவே, 108-ஐ அழைத்துப் 'பக்கவாதம்போல் தெரிகிறது' என்று சொல்லுங்கள். வண்டி வருவதற்குள் அண்டை அயலாரை விசாரித்து, நேரத்தைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். சிங்கபெருமாள் கோவில் சாலையில் கன்டெய்னர் லாரிகளின் வரிசை நாம் அறிந்ததே. ஸ்கேன் இல்லாத சிறு மருத்துவமனையில் ஒருமுறை இறங்கி ஏறினால் அரைமணி போய்விடும். உறக்கத்தில் நோய் கண்டவர்க்கும் காலங்கடந்து வந்தவர்க்குங்கூட, சிறப்புப் படம் எடுத்துப் பார்த்துச் சிலருக்கு மருத்துவம் செய்ய இப்பொழுது இயலுகிறது; நேரமாயிற்றென்று வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டா.

காப்பியோ தண்ணீரோ புகட்டாதீர்கள்; விழுங்கும் தசை தளர்ந்திருந்தால் மூச்சுக்குழலில் இறங்கிவிடும். ஆஸ்பிரினும் வேண்டா. அவர் வழக்கமாக உண்ணும் மாத்திரைகளின் சீட்டை மட்டும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உண்பவராயின், அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லவேண்டும்.