பாத நலமும் நடையும்

நமது கிராமங்களில் நடையின்றி நிறைவேறும் வேலை ஒன்றேனும் உண்டா என்பது ஐயமே. விடியற்காலையில் வரப்பின்மேல் சென்று மடை திறப்பது முதல், மாலையில் புல்லுக்கட்டைச் சுமந்து வீடு திரும்புவது வரை, குடியானவரின் உழைப்பு முழுவதையும் தாங்குவது அவருடைய உள்ளங்காலே. ஆயினும் அதனைக் கவனிப்பார் அரியர். பல்வலி கண்டால் வைத்தியரிடம் ஓடுகிறோம். குதிகாலில் நெல்மணி நுழையும் அளவுக்கு வெடிப்பு விழுந்திருந்தாலோ, ‘வயதானால் அப்படித்தான்’ என்று இருந்துவிடுகிறோம்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாளொன்றுக்கு 6 கிலோமீட்டர் நடக்கும் ஒருவர் ஏறத்தாழ 8,500 அடிகள் எடுத்து வைக்கிறார். ஒவ்வொரு காலும் 4,000 தடவைக்கு மேல் தரையில் ஊன்றுகிறது. அவருடைய எடை 50 கிலோ எனக் கொண்டால், ஒரு பாதம் ஒரு நாளில் சிறிது சிறிதாகத் தாங்கும் பாரம் மொத்தத்தில் 200 டன்னுக்கு மேலாகிறது. தலையில் சுமை இருந்தால் அதனையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவு பாரத்தைப் பாதம் எங்ஙனம் தாங்குகிறது? மனித உடலில் உள்ள 206 எலும்புகளில் 52 எலும்புகள், அதாவது நான்கில் ஒரு பங்கு, இரண்டு பாதங்களில் அமைந்துள்ளன. ஒரே எலும்பாக இருந்தால் வலிமை கூடுதலாக இருக்குமே என்று தோன்றலாம். ஆனால் பாதத்துக்கு இரண்டு வேலைகள் உள்ளன. அவை ஒன்றுக்கொன்று மாறானவை. குதிகால் தரையில் படும்போது, கல்லும் மேடுமான நிலத்துக்கு ஏற்பப் பாதம் தளர்ந்து படிய வேண்டும். அடுத்த கணம் உடலை முன்னே உந்தும்போதோ, கடப்பாரையைப் போல விறைத்து நிற்க வேண்டும். இதற்காக உள்ளங்காலில் குதிகாலிலிருந்து விரல்களின் அடிவரை தடித்த நார்ப்பட்டை ஒன்று ஓடுகிறது. நாம் அடியெடுக்கும்போது பெருவிரல் மேல்நோக்கி வளைகிறது. கிணற்று இராட்டினத்தின்மேல் கயிறு சுற்றி இழுபடுவதுபோல, அந்நார்ப்பட்டை விரலடி எலும்பைச் சுற்றி இழுபட்டு, பாதத்தின் வளைவை உயர்த்தி இறுக்குகிறது. ஹிக்ஸ் என்பவர் 1954இல் இதனை விளக்கி எழுதினார். வாசகர்கள் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒருவரை நேரே நிற்கச் சொல்லி, அவருடைய கால் பெருவிரலைக் கையால் மேலே தூக்கினால், உள்வளைவு தானாகவே எழுவது கண்ணுக்குத் தெரியும்.

பாதத்தில் ஏற்படும் குறை பாதத்தோடு நின்றுவிடுவதில்லை. பாதம் அளவுக்கு மீறி உட்புறம் சாய்ந்தால் முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பும் அதனுடன் உட்புறம் திரும்புகிறது. முழங்கால் மூட்டு அத்திருகலைத் தாங்க நேர்கிறது. ஆணிக்கால் உள்ளவர், வலிக்கும் இடத்தைத் தரையில் படவிடாமல் பாதத்தின் ஓரத்தால் நடக்கிறார். அவருக்கு வேண்டுவது ஆணிக்குச் சிகிச்சை. ஆனால் சில மாதங்கள் கழித்து அவர் இடுப்புக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருப்பார். ஊன்றுகோலைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை. வலிக்கும் கால் எதுவோ அதே பக்கத்துக் கையில் கோலைப் பிடிப்பதே பலருடைய வழக்கம். அது தவறு. வலது இடுப்பிலோ முழங்காலிலோ வலி இருந்தால் கோல் இடது கையில் இருக்க வேண்டும். அப்போதுதான் வலக்கால் ஊன்றும் வேளையில் கோலும் உடன் ஊன்றி, மூட்டின் சுமையைக் குறைக்கும்.

குழந்தைகளைப் பொறுத்தவரை, பாதத்தை அதன் போக்கில் வளரவிடுவதே நல்லது. தென்னிந்தியாவில் 2,300 சிறுவர் சிறுமியரின் பாதச்சுவடுகளை ஆராய்ந்து 1992இல் இரு வைத்தியர்கள் வெளியிட்ட அறிக்கை உலகெங்கும் பேசப்பட்டது. காலணி அணிந்து பழகிய குழந்தைகளில் 100க்கு 8.6 பேருக்குத் தட்டைப்பாதம் இருந்தது. வெறுங்காலுடன் வளர்ந்தவர்களில் அது 2.8 மட்டுமே. விரல்களை மூடும் பூட்ஸு அணிந்தவர்களிடையே இக்குறை மிகுதியாகவும், திறந்த செருப்பு அணிந்தவர்களிடையே அதனினும் குறைவாகவும் காணப்பட்டது. பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும் பெருமையில், அளவு சிறுத்த பூட்ஸுக்குள் குழந்தையின் காலைத் திணிக்கும் பெற்றோர் இதனை எண்ணிப் பார்ப்பார்களாக.

அப்படியாயின் வெறுங்காலே சிறந்ததா என்று கேட்கலாம். மலம் கலந்த ஈரமண்ணில் வெறுங்காலுடன் நடப்போரின் தோலைத் துளைத்துக் கொக்கிப்புழு உடம்பினுள் நுழைகிறது. குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சுகிறது. முள்ளும் கண்ணாடித் துண்டும் இருக்கவே இருக்கின்றன. இவை எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. வெறுங்காலுடன் நடப்பவரைக் காப்பது தோலின் தடிப்பு அன்று. வலி என்னும் உணர்ச்சியே. அவ்வுணர்ச்சி இல்லாத பாதம் என்னவாகும் என்பதை உலகம் அறிந்துகொண்டதில் நம் தமிழ்நாட்டுக்குப் பெரும் பங்கு உண்டு.

டாக்டர் பால் பிராண்ட் 1914இல் கொல்லிமலையில் ஆங்கிலேயப் பெற்றோருக்குப் பிறந்தவர். 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை வைத்தியராக வந்தார். தொழுநோய் கண்டவரின் விரல்கள் நோயினால் தாமாகவே அழுகி உதிர்கின்றன என்பதே அக்காலத்தில் பொதுமக்களும் வைத்தியர்களில் பெரும்பாலோரும் கொண்டிருந்த கருத்து. பிராண்ட் அதனை ஒப்பவில்லை. நோயாளியின் புண் மற்றவர்களின் புண்ணைப் போலவே ஆறுவதை அவர் கண்டார். வலி தெரியாமையால் ஏற்படும் காயங்களே விரல்களை அழிக்கின்றன என்ற முடிவுக்கு வந்தார். அவருடைய பராமரிப்பில் இருந்தவர்களுள் சிலர் காலையில் எழும்போது விரலின் ஒரு பகுதி காணாமற் போயிருந்தது. காரணம் விளங்காமல், இரவில் காவலிருந்து பார்த்தார்கள். எலி ஒன்று வந்து உறங்குபவரின் விரலைக் கடித்துத் தின்றுகொண்டிருந்தது. அவரோ அயர்ந்து தூங்கினார். பிறகு அங்கு பூனைகள் வளர்க்கப்பட்டன.

எலியைப் பூனை தடுக்கும். பாதத்தில் மீண்டும் மீண்டும் தோன்றும் குழிப்புண்ணைத் தடுப்பது எது? பிராண்டும் அவருடைய தோழர்களும் வேலூரிலும், காட்பாடிக்கு அருகே 1955இல் தொடங்கப்பெற்ற கரிகிரி ஆராய்ச்சி நிலையத்திலும் இதனை ஆராய்ந்தனர். முள் குத்துவதாலும் இறுகிய செருப்பு அழுத்துவதாலும் புண் வருவது தெரிந்ததே. ஆனால் அவற்றைவிட மிகுதியான புண்களுக்குக் காரணம் வெறும் நடையே என்று கண்டனர். மண்வெட்டி பிடித்து வெட்டும்போது முதல் வெட்டில் கை கொப்புளிப்பதில்லை. ஐந்நூறாவது வெட்டில் கொப்புளிக்கிறது. ஒரு தடவை பட்டால் தீங்கற்ற அழுத்தம், அதே இடத்தில் ஆயிரக்கணக்கான தடவை பட்டால் சதையைச் சிதைத்துவிடுகிறது. 1966இல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவ நிலையத்துக்குச் சென்ற பின்னர், எலிகளின் பாதத்தில் இயந்திரத்தால் சிறிய அழுத்தத்தைத் திரும்பத் திரும்பச் செலுத்தி இதனை அவர் மெய்ப்பித்தார். சில நாட்களிலேயே புண் உண்டாயிற்று. தடவைகளைக் குறைத்து இடையிடையே ஓய்வு கொடுத்தபோதோ, தோல் தடித்ததேயன்றிப் புண் வரவில்லை.

உணர்ச்சியுள்ள நாமும் நெடுந்தூரம் நடக்கிறோமே, நமக்கு ஏன் புண் வருவதில்லை? இக்கேள்விக்கு அவர் கண்ட விடை மிக நுட்பமானது. நாலைந்து மைல் நடந்ததும் நம் உள்ளங்காலில் ஓரிடம் சூடேறிக் கன்றுகிறது. நாம் அறியாமலேயே நடையைச் சற்று மாற்றிக்கொள்கிறோம். அடியைக் குறுக்குகிறோம், பாரத்தை விரலடியிலிருந்து பாதத்தின் ஓரத்துக்குத் தள்ளுகிறோம், சற்றே நொண்டுகிறோம், இறுதியில் மர நிழலில் உட்கார்ந்துவிடுகிறோம். உணர்ச்சியற்ற பாதமுடையவரோ முதல் மைலில் எப்படி நடந்தாரோ அப்படியே கடைசி மைலிலும் நடக்கிறார். நொண்டுவதற்கு அவருக்குக் காரணம் தெரிவதில்லை.

தொழுநோய்க் கிருமியை அழிக்கும் கூட்டு மருந்து சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் 1981இல் பரிந்துரைத்தது. இன்று இந்நோய் முற்றிலும் குணமாகக் கூடியது. ஆனால் மரத்துப்போன நரம்பு பல சமயங்களில் மீள்வதில்லை. அன்றியும், இதே நிலையை நீரிழிவும் உண்டாக்குகிறது. 2023இல் வெளியான தேசிய ஆய்வின்படி இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு நீரிழிவு இருக்கிறது. அது இனி நகரத்தாரின் நோய் மட்டும் அன்று. நெடுநாள் சர்க்கரை மிகுந்திருந்தால், மிக நீண்ட நரம்புகள் முதலில் கெடுகின்றன. ஆகையால் மரமரப்பு கால்விரல்களில் தொடங்கி மேலே ஏறுகிறது. இரத்த ஓட்டமும் குறைந்தால் புண் ஆறுவது கடினமாகிறது. வழியில் செருப்பு கழன்று விழுந்ததை அறியாமல் ஒற்றைச் செருப்புடன் வீடு வந்து சேரும் பெரியவரைக் கண்டு நாம் நகைக்கிறோம். அது மறதியாக இல்லாமல், காலை இழப்பதற்கு முன்னறிகுறியாகவும் இருக்கலாம்.

இதனைக் கண்டறிய வீட்டிலேயே செய்யத்தக்க சோதனை ஒன்றுண்டு. அவரைப் படுக்கவைத்துக் கண்களை மூடச் சொல்லுங்கள். இரண்டு கால்களிலும் பெருவிரல், நடுவிரல், சிறுவிரல் ஆகிய ஆறு விரல்களின் நுனியை உங்கள் ஆள்காட்டி விரலால் ஒன்றிரண்டு விநாடி மெல்லத் தொடுங்கள். அழுத்தவோ தட்டவோ கூடாது. தொட்டது தெரிந்தால் எந்தக் கால் என்று அவர் சொல்ல வேண்டும். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாவிடின் உணர்ச்சி குறைந்துவிட்டது எனக் கொண்டு, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்ல வேண்டும். 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் பணியாளர்கள் வீட்டுக்கு வரும்போது சர்க்கரை அளவைக் கேட்பதுடன் பாதத்தையும் காட்டிக் கேட்கலாம்.

உணர்ச்சி குறைந்தவர்களுக்கு வலியின் வேலையைக் கண்ணும் கையும் செய்ய வேண்டும். இரவில் உள்ளங்காலை விளக்கொளியில் பார்ப்பது அன்றாடக் கடமை. குனிய இயலாதவர் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம். அல்லது பேரப்பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லலாம். புறங்கையால் தடவும்போது ஒரு காலில் ஓரிடம் மற்றக் காலின் அதே இடத்தைவிடச் சூடாக இருந்தால், உள்ளே சதை கன்றியிருக்கிறது என்பது பொருள். சூடு தணியும்வரை நடையைக் குறைக்க வேண்டும். தோல் வறண்டு வெடிக்காமலிருக்க எண்ணெய் தடவலாம். விரலிடுக்குகளில் மட்டும் தடவலாகாது. தொழுநோயால் உணர்ச்சி இழந்தவர்கள் காலைச் சாதாரணத் தண்ணீரில் இருபது நிமிடம் ஊறவைத்துத் தோலின் தடிப்பைத் தேய்த்து எடுப்பது வழக்கம். நீரிழிவுக்காரர்களுக்கு நெடுநேரம் ஊறவைப்பது நன்றன்று. கழுவி ஈரத்தைத் துடைத்தால் போதும். வெந்நீரின் சூட்டைக் காலால் பார்க்கவே கூடாது. புண் வந்துவிட்டால் மருந்தைக் காட்டிலும் முதன்மையானது, அப்புண்ணின்மேல் நடக்காமலிருப்பது. மாவுக்கட்டுப் போட்டு அழுத்தத்தைப் பாதம் முழுவதும் பரவச் செய்தால், பல மாதம் ஆறாதிருந்த புண்கள் ஆறேழு வாரத்தில் ஆறியதைப் பலமுறை கண்டிருக்கிறார்கள்.

நடையிலும் மாறுதல் வேண்டும். எட்டி வைக்கும் நீண்ட அடியில் விரலடிமேல் விழும் அழுத்தம் மிகுதி. குறுகிய அடியாக மெல்ல நடந்தால் அது குறைகிறது. ஒரே மூச்சில் நடக்காமல், இடையில் உட்கார்ந்து காலைத் தொட்டுப் பார்த்து நடப்பது நலம்.

செருப்பைப் பற்றிச் சிறிது விரிவாகச் சொல்ல வேண்டும். இத்தகையோருக்கென்று பயன்பட்டுவருவது நுண்ணிய காற்றறைகள் கொண்ட ரப்பர், மக்கள் ‘எம்.சி.ஆர். செருப்பு’ என்றே அழைக்கின்றனர். விரல்களால் அமுக்கினால் பாதியளவு அமுங்கி, விட்டவுடன் மீள வேண்டும். அமுங்கியபடியே கிடப்பது பயனற்றது. அதன் அடியில் முள் ஏறாதபடி மோட்டார் டயர் போன்ற கெட்டியான ரப்பர் வைக்க வேண்டும். ஆணி அடிக்கவே கூடாது. தையலும் பசையுமே தகும். தேய்ந்த செருப்பில் மேலெழும் ஆணி, உணர்ச்சியற்ற காலில் ஒரு நாள் முழுவதும் குத்திக்கொண்டிருக்கும். பெருவிரலிடுக்கில் வார் செல்லும் செருப்பும் வேண்டா. அதனை விழாமல் பிடித்துக்கொள்ள விரல்கள் ஓயாது இறுக்க வேண்டியிருப்பதுடன், இடுக்கிலும் புண் வரும். குதிகாலுக்குப் பின்னே ஒரு வார் இருந்தால் செருப்பு கழலாது. ஊரில் செருப்புத் தைப்பவரிடம் இவற்றைச் சொன்னால் அவரே செய்து தருவார். காலணி வாங்குவதானால் மாலை நேரத்தில், பாதம் சற்று வீங்கியிருக்கும்போது, அளவு பார்ப்பது நல்லது. புதுச் செருப்பை முதல் நாள் ஒரு மணி நேரத்துக்கு மேல் அணியாமல் கழற்றி, சிவந்த இடம் உண்டா என்று பார்க்க வேண்டும். இருந்தால் அவ்விடத்தைத் தைப்பவரிடம் காட்டி வாரைத் தளர்த்திக்கொண்டு, மறுநாள் மீண்டும் ஒரு மணி நேரம் அணிந்து பார்க்க வேண்டும்.