கைபேசி வைத்தியர்

குழந்தைக்கு உடம்பு சுட்டால் முன்பெல்லாம் முதலில் பாட்டியைக் கேட்போம். அப்புறம் எதிர்வீட்டு மாமியை. அதற்கும் அப்புறம்தான் டாக்டர். இப்போது பாட்டிக்கும் முன்னால் ஓர் ஆசாமி வந்து நின்றுவிட்டார். 2022 நவம்பரில் 'சாட்ஜிபிடி' வெளிவந்தது முதல், கேட்ட மாத்திரத்தில் பதில் சொல்லும் யந்திரங்கள் பல வீடுகளில் வைத்தியம் பார்க்கின்றன. ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பினாலும் முகம் சுளிப்பதில்லை!

சொல்வது சரியாயிருக்கிறதா என்கிறீர்களா? ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலைக்காரர்கள் 2025-ல் வெளியிட்ட ஆராய்ச்சியைக் கேளுங்கள். நோயாளியின் கதையை முழுசாக எழுதிக் கொடுத்தபோது, யந்திரங்கள் நூற்றுக்குச் சுமார் 95 தடவை வியாதியைச் சரியாகவே சொல்லின. பிறகு பிரிட்டனில் 1,298 சாதாரண ஜனங்களிடம் அதே கதைகளைக் கொடுத்தார்கள். சிலர் யந்திரத்தைக் கேட்க வேண்டும். மற்றவர்கள் வழக்கம்போல் தாங்களே தேடிக்கொள்ள வேண்டும். யந்திரத்தைக் கேட்டவர்கள் வியாதியைக் கண்டுபிடித்தது நூற்றுக்கு 35-ஐக்கூட எட்டவில்லை. மற்றவர்களைவிட எள்ளளவும் மேலில்லை! காரணம், பலர் பாதியைச் சொல்லிப் பாதியை விழுங்கிவிட்டார்கள். வந்த பதிலில் எது முக்கியம் என்பதும் பிடிபடவில்லை.

டாக்டர் அப்படி விடுவாரா? நாக்கை நீட்டு என்பார், வயிற்றை அமுக்கிப் பார்ப்பார், "காலையிலிருந்து சிறுநீர் போனானா?" என்று நாம் சொல்ல மறந்ததை இழுத்து வாங்குவார்.

டெங்கு ஜுரம் இதற்கு நல்ல உதாரணம். மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் ஜுரம் இறங்கும். "அப்பாடா!" என்று நாம் பெருமூச்சு விடும் அந்தச் சமயத்தில்தான் சிலருக்கு ஆபத்தே ஆரம்பம். ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து, ரத்த அழுத்தம் விழுந்துவிடும். "ஜுரம் விட்டுவிட்டது, பையன் அசதியாயிருக்கிறான், என்ன கொடுக்கலாம்?" என்று மட்டும் தட்டினால், கஞ்சியும் ஓய்வும் போதும் என்று பதில் வரலாம். கேள்விக்கு அது பொருத்தந்தான், பையனுக்குத்தான் பொருத்தமில்லை. கடுமையான வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கை கால் சில்லிடுவது, சிறுநீர் குறைவது இவற்றில் ஒன்று தென்பட்டாலும் கைபேசியை வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள். டெங்கு என்ற சந்தேகம் இருந்தால் ஆஸ்பிரின், ஐபுப்ரோபென் இரண்டும் கூடாது. ரத்தக் கசிவை அதிகமாக்கும்.

'ஆண்டிபயாடிக்' பெயர் கேட்டு வாங்கி விழுங்கும் சாமர்த்தியசாலிகளும் இருக்கிறார்கள். ஜலதோஷத்துக்கும் டெங்குவுக்கும் காரணம் வைரஸ்; அதை அந்த மாத்திரை ஒன்றும் செய்யாது.

யந்திரத்தைத் தள்ளி வைக்க வேண்டுமென்பதில்லை. ரத்தப் பரிசோதனைச் சீட்டில் உள்ள புரியாத வார்த்தைகளை அது நன்றாகவே விளக்கும். டாக்டரிடம் எதையெல்லாம் சொல்ல வேண்டும் என்றும் கேட்டுக்கொள்ளலாம். ஜுரம் ஆரம்பித்த தேதி, வேளைக்கு வேளை பார்த்த சூடு, கொடுத்த மருந்து மூன்றையும் ஒரு காகிதத்தில் குறித்துக் கையோடு கொண்டுபோங்கள்.