மீட்புச் சுழியோடியும் முதலுதவிப் பயிற்சியும்

மலைநாட்டு வத்தேகமவிலே பயின்ற எமக்கும் சுழியோடுந் தொழிலுக்கும் யாது தொடர்பு என வாசகர் சிலர் வினவக்கூடும். கடல் எமக்குத் தொலைவில் உள்ளது உண்மையே. ஆயின் நீர் தொலைவில் இல்லை. பன்விலைப் பக்கமிருந்து ஹுலுகங்கை பாறைகளினூடே இறங்கி வருகின்றது. மகாவலியோ, 1985இல் திறந்துவைக்கப்பெற்ற விக்டோரியா அணையினால் பெருநீர்த்தேக்கமாகிப் பழைய தெல்தெனிய நகரையே தன்னுள் அடக்கிக்கொண்டது.

அறுபதுகளில் நாம் மாணவராயிருந்த காலத்து விடுமுறை நாளொன்றில், எம்முடன் நீராட வந்த வகுப்புத் தோழரொருவர் ஹுலுகங்கையின் மடுவொன்றில் மூழ்கினார். நீந்த வல்ல இருவர் அவரைச் சில நிமிடங்களிலேயே கரை சேர்த்தனர். அதன்பின் நாம் செய்தவை யாவை? காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கினோம். வயிற்றை அமுக்கி நீரை வெளியேற்ற முயன்றோம். எவர் என்ன செய்வது என்று வாதாடினோம். எம்முள் சாரணரும் இருந்தனர். ஓல்கர் நீல்சன் முறையை முன்னாண்டில் பயின்று சின்னமும் பெற்றிருந்தனர். அவர்தம் கைகளுக்கு அப்போது அது நினைவில் வரவில்லை. தோழர் பிழைக்கவில்லை. அவரை நீரிலிருந்து எடுத்தோம். மீட்டோம் எனச் சொல்ல எமக்கு வாய் வரவில்லை.

இவ்வேறுபாட்டினையே சுழியோடிகளின் பயிற்சி விதிகள் வலியுறுத்துகின்றன. 'பாடி' எனச் சுருக்கமாக வழங்கும் சுழியோடி ஆசிரியர் சங்கத்தின் முறைப்படி, மீட்புச் சுழியோடி என்னுஞ் சான்றிதழ் பெற விழைவோர், முந்திய 24 மாதங்களுக்குள் முதலுதவியிலும், சீ.பீ.ஆர். எனப்படும் உயிர்ப்பிப்பு முறையிலும் பயிற்சி பெற்றிருத்தல் வேண்டும். ஆழத்திற் பழகியவர் என்பது மட்டும் போதாது. 24 மாதம் என்னும் எல்லை கடுமையானதன்று. சில மாதங்களிலேயே கைப்பழக்கம் குன்றத் தொடங்குகின்றது என்பது பயிற்றுவோர் யாவரும் அறிந்ததே. எம் சாரணரை நாம் இன்று குறை கூறோம்.

அக்காலத்து முறையும் இன்று மாறிவிட்டது. தென்மார்க்கு நாட்டவரான ஓல்கர் நீல்சன் 1932இல் வகுத்த முறையில், நோயாளியைக் குப்புறக் கிடத்தி முதுகை அமுக்கி முழங்கைகளை உயர்த்துவர். 1950களின் பிற்பகுதியில் ஈலம், சாபர் என்னும் மருத்துவர்கள் வாயோடு வாய் வைத்து ஊதுதலே மேலானது என நிறுவினர். 1960இல் கவன்ஹோவன் என்பாரும் அவர்தந் துணைவரும், மார்பினை வெளியிலிருந்து அழுத்தி இரத்தவோட்டத்தைப் பேணலாமென வெளியிட்டனர். இவ்விரண்டும் இணைந்ததே இன்றைய முறை.

நீரில் மூழ்கியவர்க்கு இதிலும் ஒரு தனி விதி உண்டு. தரையில் திடீரென வீழ்பவரின் இருதயம் பெரும்பாலும் தன் நோயினாலேயே நிற்கின்றது. அவர் குருதியில் பிராணவாயு சிறிதுநேரம் எஞ்சியிருக்கும். மூழ்கியவரின் இருதயமோ பிராணவாயு அற்றதனாலேயே நிற்கின்றது. ஆதலின் மார்பை மட்டும் அழுத்துதல் அவருக்குப் போதாது. மூச்சு முதலில் வேண்டும். ஐரோப்பிய நெறிமுறைப்படி முதலில் ஐந்து முறை ஊதி, அதன்பின் 30 அழுத்தத்திற்கு இரண்டு மூச்சு என்னும் கணக்கில் தொடர்வர். அழுத்தம் நிமிடத்திற்கு 100 முதல் 120 வரையும், ஆழம் வளர்ந்தவர்க்கு 5 சென்ரிமீற்றருக்குக் குறையாமலும் 6க்கு மேற்படாமலும் இருத்தல் வேண்டும். வயிற்றை அமுக்கி நீர் எடுத்தல் கூடாது. அதனால் வாந்தி மூச்சுக்குழாயுட் புகும்.

நீரின் நடுவே மார்பை அழுத்துதல் இயலாத காரியம். அமுக்கும்போது உடல் கீழே அமிழ்ந்துவிடும். ஆகவே சுழியோடி, பாரப்பட்டியைக் கழற்றி எறிந்து, முகத்தை வானோக்கித் திருப்பி, மூச்சுவழியைத் திறந்து, பயின்றவராயின் சில மூச்சுக்கள் கொடுத்தவாறே கரையை நோக்கி இழுத்து வருகிறார். அழுத்தம் உறுதியான தரையிலேதான் தொடங்கும்.

சுழியோடிக்கே உரிய ஆபத்து இன்னொன்று. கடலில் 10 மீற்றர் ஆழத்தில் அமுக்கம் மேற்பரப்பிலுள்ளதைப் போல் இருமடங்காகும். அங்கு நிறைத்த மூச்சை அடக்கிக்கொண்டு மேலெழுந்தால் நுரையீரல் கிழிந்து, காற்றுக் குமிழ் மூளைக்குச் செல்லக்கூடும். அத்தகையோரைப் படுக்கவைத்துத் தூய பிராணவாயு அளித்தல் முதலுதவியாகும்.

இவ்விடத்தே எம்மூர்க்கு ஒரு செய்தி உண்டு. கடல்மட்டத்திற்கு 300 மீற்றருக்கு மேற்பட்ட நீர்நிலைகளில் மூழ்குவோர் மலைநீர்க்குரிய தனிக் கணக்கைக் கொள்ளல் வேண்டும். விக்டோரியாவின் முழுநீர்மட்டம் 438 மீற்றர். மேலும், திருகோணமலையிலே சுழியோடிவிட்டு அன்று மாலையே மாத்தளை வழியாக வீடு திரும்பும் இளைஞர், தாம் ஏறுவது மலை என்பதை மறத்தல் ஆகாது. கடலடியில் உடலிற் கரைந்த நைதரசன், உயரம் செல்லச் செல்லக் குமிழாகும் தன்மையது. ஓரிரவு கரையிலே தங்கி வருதல் நன்று.

உயிர்ப்பிப்பைத் தொடங்கியவர் நடுவில் நிறுத்தாது, மற்றொருவரைக் கொண்டு 1990 சுவசெரிய வண்டியை அழைப்பித்தல் வேண்டும். மூச்சு மீண்டு எழுந்து பேசுபவரையும் வைத்தியசாலைக்கு அனுப்புதல் அவசியம். நுரையீரல் பின்னரும் பழுதுபடக்கூடும்.

இவ்விழாவையொட்டிப் பழைய மாணவர் கல்லூரிக்கு ஏதேனும் அளிக்க எண்ணின், பயிற்சிப் பொம்மையொன்றை அளிக்கலாம் என்பது எமது வேண்டுகோள். செஞ்சிலுவைச் சங்கத்தாரோ சென் ஜோன் அம்புலன்சு அணியினரோ ஆண்டுக்கொருமுறை வந்து கற்பிப்பின், மேல்வகுப்பு மாணவர் அனைவரும் அதன் மார்பில் கைவைத்துப் பழகலாம். அப்பொம்மைக்கான நிதிக்கு எம் வகுப்பினர் தம் பங்கை ஏற்கெனவே செலுத்திவிட்டோம்.