லாரியின் ஹீட்டர் விசிறியும் சங்கத்தின் பணமும்

சென்ற குளிர்காலத்தில் நீலகிரியிலுள்ள பயிரிடுவோர் சங்கம் ஒன்றின் கணக்கைப் பார்வையிட்டோம். அச்சங்கத்தின் பழைய லாரிக்கு ஹீட்டர் விசிறி மோட்டார் இருமுறை புதிதாக வாங்கப்பட்டிருந்தது. மூன்றாம் முறை விசிறி நின்றபோது, ஓட்டுநர் துருவேறிய எர்த் கம்பியைச் சுரண்டித் துடைத்து இறுக முடுக்கினார், விசிறி சுழன்றது. முன்பு புது மோட்டார் மாட்டியபோதெல்லாம் அக்கம்பி சற்று அசைந்து, சில நாட்களுக்குத் தொடர்பு கிடைத்திருக்கிறது, அவ்வளவே. கழற்றிய மோட்டார்களை எவரும் சோதிக்கவில்லை. செலவான பணமோ அங்கத்தினர்களுடையது.

லாரிக்கு ஹீட்டர் எதற்கு என்று சமவெளியிலுள்ள நம் நண்பர்கள் வினவலாம். டிசம்பர், ஜனவரி மாதங்களில் உதகைப் பகுதியில் உறைபனி விழும். விடியுமுன் காய்கறி ஏற்றி மேட்டுப்பாளையம் இறங்கும் லாரியில், ஓட்டுநரின் மூச்சிலுள்ள ஈரம் குளிர்ந்த முன்கண்ணாடியில் படிந்து பார்வையை மறைக்கும். விசிறி அனுப்பும் வெப்பக்காற்றே அதனைப் போக்குகிறது. வளைவுகள் நிறைந்த மலைப்பாதையில் இஃது உயிரைப் பற்றிய விஷயமாகும்.

பாட்டரியிலிருந்து மின்சாரம் பியூஸ், ஸ்விட்ச் வழியாக மோட்டாரை அடைந்து, எர்த் கம்பி வழியாக வண்டியின் உடலுக்குத் திரும்புகிறது. வேகத்தைக் குறைப்பதற்கு இடையில் ரெசிஸ்டர் ஒன்று உண்டு. பெரும்பாலான வண்டிகளில், அதிக வேகத்தில் மட்டும் மின்சாரம் ரெசிஸ்டரைத் தொடாமல் நேரே செல்லும். ஆகவே, விசிறி அதிக வேகத்தில் மட்டும் ஓடினால் மோட்டார் நன்றாயிருக்கிறது; ரெசிஸ்டரே கெட்டது என அறியலாம்.

விசிறி அறவே ஓடாவிடில் முதலில் பியூஸைப் பார்க்கவேண்டும். அது சரியாயிருப்பின், ஒரு சிறு பல்பில் இரண்டு கம்பிகள் இணைத்த சோதனை விளக்குப் போதும். பல்பு வண்டியின் பாட்டரிக்கு ஏற்ப 12 அல்லது 24 வோல்ட்டாக இருத்தல் அவசியம். மோட்டாரின் இணைப்பைக் கழற்றாமல், ஸ்விட்சை அதிக வேகத்தில் வைத்து, விளக்கின் ஒரு முனையை மோட்டாருக்கு வரும் கம்பியிலும், மறுமுனையை வண்டியின் துருவற்ற இரும்பிலும் தொடவேண்டும். விளக்கு எரியாவிடில் மின்சாரம் மோட்டார்வரை வரவில்லை. ஸ்விட்சையும் வரும் கம்பியையும் ஆராய்க. எரிந்தால், மறுமுனையை மட்டும் மாற்றி மோட்டாரின் எர்த் கம்பியில் தொடுக. இப்பொழுது எரியாமலோ மங்கியோ போனால் குற்றம் எர்த்தில் உள்ளது. ஈரிடத்தும் நன்கு எரிந்தும் விசிறி அசையாவிடில்தான் மோட்டாரைக் குறைகூறலாம்.

அப்பொழுதும் அவசரம் வேண்டா. மோட்டாரின் உறையை மெல்லத் தட்டியதும் ஓடினால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு விசிறியைக் கையால் சுற்றிப் பார்த்து, கடினமாயிருந்தால் உள்ளே சருகு சிக்கியதா, பேரிங் வறண்டதா என்று பார்க்கவேண்டும். இறுகிய மோட்டார் மிகுந்த மின்சாரத்தை இழுத்து, ரெசிஸ்டரையும் ஸ்விட்சையும் கருக்கிவிடும். புது ரெசிஸ்டர் மீண்டும் கருகினால் இதுவே காரணமாதல் கூடும்.

காற்று வந்தும் அதில் வெப்பமில்லையெனில் மோட்டார்மீது குற்றமில்லை. ரேடியேட்டர் நீரின் அளவையும், ஹீட்டருக்கு வெந்நீர் விடும் வால்வையும் நோக்குக. என்ஜின் சூடாயிருக்கையில் ரேடியேட்டர் மூடியைத் திறத்தலாகாது. பியூஸ் அடிக்கடி எரிந்தால், அதனிடத்தில் தடித்த கம்பியைச் செருகுவதும் கூடாது. அது பழுதை மறைத்து, வண்டிக்குத் தீ வைப்பதற்கு ஒப்பாகும்.

சங்கக் காரியதரிசிகளுக்கு நமது யோசனை இதுவே: மோட்டாருக்கு உத்தரவிடுமுன், பியூஸ், ஸ்விட்ச், எர்த் ஆகியவை சோதிக்கப்பட்டனவா என்று பழுதுச் சீட்டில் எழுதி, ஓட்டுநரின் கையொப்பம் பெறுக. கழற்றிய பாகத்தைச் சங்கத்திற்குத் திரும்பக் கேட்டு வாங்குக. நெசவாளர் சங்கங்களிலுள்ள தார் சுற்றும் மோட்டாருக்கும் இவ்வொழுங்கே பொருந்தும். ஆனால் அங்கு ஓடுவது உயிரைப் போக்கவல்ல மின்சாரம். தகுதியுள்ள எலக்ட்ரீஷியனே அதில் கை வைக்கவேண்டும்.

சிறு கம்பியின் துருவுக்காகப் பெரிய பில் கொடுக்கும் சங்கம், அங்கத்தினரின் லாபப் பங்கிலிருந்தே அதனைக் கொடுக்கிறது என்பதை நாம் மறத்தலாகாது.